வேம்பு கொல்லையில் பேசிய கரடி

இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். நடந்தது நடந்தபடியே.

பூலாம்பாடிக்கு வெளியே கொல்லை வீட்டில் வேம்பு தனியாக இருந்தாள். கார்த்திகை மாதம், மழை மூட்டம் கட்டிய ஒரு சாயங்காலம். மக்காச்சோளத்து நடுவே கம்பத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கர் நனையாமல் இருக்க அதைக் கழற்றிக் கொண்டுவந்து, ஒயரைப் பிடுங்கி, அரிசி மூட்டை மேல் வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்வதற்குள், ஸ்பீக்கரில் வழக்கமாக வரும் அதே குரல் சோளத்துக்குள்ளிருந்து பேசியது.

“வந்துட்டேன்ல! இனிமே எதுக்குப் பயம்?”

ஜிஞ்சான் கரடியின் வசனம் அது. டிவி பொம்மைப் படத்தில் யார் அழுதாலும் அந்தக் கரடி கூரையைப் பொத்துக்கொண்டு குதித்து, மூக்கால் இதைத்தான் சொல்லும். வேம்புவின் மகன் பூவரசன் சின்ன வயதில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு இதைச் சொல்லித்தான் வாசற்படி ஏறுவான். அவள் அடுப்படியிலிருந்தே, “வா ராசா, உள்ள வா” என்பாள்.

அவன் வளர்ந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். காட்டுப்பன்றியை விரட்ட ஊரில் எல்லோரும் ஸ்பீக்கரில் நாய்க் குரைப்பும் தகரச் சத்தமும் பதிந்து வைப்பார்கள். அவன் போகும்போது, கரடி மாதிரியே பேசி இதைப் பதிந்து வைத்துவிட்டுப் போனான். பன்றிகள் சில நாள் நின்று கேட்டன. பிறகு மரியாதையாகப் பக்கத்துக் கொல்லைக்குப் போய்விட்டன.

“ஒங்க பன்னிக்கெல்லாம் எங் கொல்லையிலதாங்க்கா பந்தி நடக்குது,” என்று அந்தக் கொல்லைக்கார ஜெயப்பிரகாஷ் சண்டைக்கு வந்தான். “அந்தக் கரடிய எனக்கும் ரெண்டு நாளு அனுப்பி வையிங்க.”

“போடா, அது எம் புள்ள கொரலு. ஒனக்கு வேணும்னா ஒம் பொண்டாட்டிய விட்டுக் கத்தச் சொல்லு.”

சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் குரலை விட்டால் அவளோடு பேச அந்த வீட்டில் நாதியில்லை. களை வெட்டும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும், ஸ்பீக்கர் கத்தினால் அவள் வாய் தானாகவே, “வா ராசா, உள்ள வா” என்றுவிடும்.

அன்று மத்தியானம்தான் பூவரசன் போன் செய்திருந்தான். “லீவு கெடைக்கலம்மா. இந்தப் பொங்கலுக்கும் வர முடியாது.” சரிப்பா என்று வைத்தவள், சோற்றில் கை வைக்கவில்லை.

“வந்துட்டேன்ல! இனிமே எதுக்குப் பயம்?”

மறுபடியும் சோளத்துக்குள்ளிருந்துதான். ஸ்பீக்கர் அரிசி மூட்டை மேல், வாயைப் பிளந்துகொண்டு ஊமையாகக் கிடந்தது. வேம்பு போனை எடுத்தாள்.

“ஏண்டா ஜெயப்பிரகாசு, எங் கொல்லையில பூந்துகிட்டு வெளையாட்டு காட்டுறியா?”

“யாருக்கா? நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்.” அவனுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் அரியலூர், அரியலூர் என்று கூவிக்கொண்டிருந்தார்.

அவள் வாசலில் வந்து நின்றாள். காற்று நின்றிருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த சோளம் மூன்று பக்கமும் வீட்டை நெருக்கிக்கொண்டு கருத்து நிற்க, ஈரமண் வாசத்தோடு பால் பிடித்த கதிரின் இனிப்பு வாசமும் அதற்கு அடியில் எதுவோ அழுகுகிற வாசமும் கலந்து வர, தூரத்தில் மட்டும் ஒரே ஒரு வரிசையில் தோகைகள் சரசரவென்று உரசிக்கொண்டு வந்தன.

“வந்துட்டேன்ல!”

இந்த முறை அது பதிந்த குரல் இல்லை. மூச்சு இரைத்தது. ஓடி வருகிற ஒரு சின்னப் பையனின் மூச்சு.

புத்தி தடுப்பதற்குள் அவள் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“வா ராசா, உள்ள வா.”

சரசரப்பு நின்றது.

பிறகு எல்லா வரிசையிலும் தொடங்கியது.

வேம்பு உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள். பூவரசனுக்கு இப்போது மீசை இருக்கிறது. அவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். அவளுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

வாசற்படியில் ஈரக்கால். ஒன்று. இன்னொன்று.

நகத்தால் கதவைச் சுரண்டும் சத்தம். தாழ, ஒரு சின்னப் பையன் உயரத்தில்.

“யம்மா.” இப்போது கரடி இல்லை. “நீதான உள்ள வான்ன?”

அவள் காதைப் பொத்தினாள்.

“வேணாம்னா போயிடறேன்.”

ஈரக்கால் ஒரு படி இறங்கியது.

போனால், பிறகு யார் வருவார்கள்? அடுத்த பொங்கலுக்கா?

அவள் தாழ்ப்பாளை விலக்கினாள்.

பள்ளிக்கூடச் சட்டை. சேறு. முழங்கால் வரை சேறு. கழுத்துக்கு மேல் முகம் இல்லை. பச்சைத் தோகை, ஒன்றின் மேல் ஒன்றாக, இறுக்கமாக. அது அவளைப் பார்த்து மெல்ல உரிந்தது. ஒரு மடல். இன்னொரு மடல். உள்ளே கண் இல்லை. மூக்கு இல்லை. மேலிருந்து கீழ்வரை, சுற்றிச் சுற்றி, வரிசை வரிசையாக, வெள்ளை வெளேரென்று பால் பற்கள்.

வேம்பு சோற்றுத் தட்டை எடுத்து வைத்தாள்.

“சாப்புட்டியா சாமி?”

அத்தனை பல்லும் ஒன்றாகத் திறந்தன.

அந்த வருஷம் வேம்பு அந்தக் கொல்லையில் சோளமே விதைக்கவில்லை. போட்டிருந்தது சின்ன வெங்காயம்.