வரிசையில் முதல் ஆள்

குளிர்பதனக் கிடங்கின் கட்டுப்பாட்டு அறையில் ஓராண்டுத் தூசி. அண்ணன் மெக்கானிக், தங்கை சாஃப்ட்வேர்க்காரி. மூடிக் கிடந்த கிடங்கை மறுபடி ஓட்ட இருவரையும் அழைத்திருந்தார்கள். ஏன் மூடினார்கள் என்பது ஊரறிந்த கதை. எந்நேரமும் கம்பளிச் சட்டையோடு திரிந்ததால் 'கம்பளி' என்று பெயர் வாங்கிய ஆபரேட்டர், இரண்டாம் அறைக்குள் மாட்டி விறைத்துச் செத்தார். கதவைத் திறக்கும் கட்டளை சர்வரின் வரிசையிலேயே கிடந்ததாம்.

அந்த அறைக்கு உள்ளே கைப்பிடி கிடையாது. திறப்பதும் மூடுவதும் சர்வர்தான்.

எனவே தங்கை முதலில் வரிசையைச் சோதித்தாள். ஒரு கட்டளை முடிந்த பிறகுதான் அடுத்தது ஓடுமா, இல்லை ஒன்றுக்கு ஒன்று காத்திராமல் ஓடுமா? 'முப்பது காத்திரு' என்று ஒன்று கொடுத்தாள். கையோடு 'இரண்டாம் அறை விளக்கைப் போடு' என்று இன்னொன்று.

கண்ணாடிக்கு அப்பால் உடனே விளக்கு எரிந்தது.

"ஒன்னுக்காக ஒன்னு காத்திருக்கலண்ணா. தைரியமா உள்ள போ. கதவு மூடிக்கிட்டாலும் உடனே திறந்துடுவேன்."

"உன்ன நம்பி எமலோகத்துக்கே போகலாம் பாப்பா," என்று சிரித்துக்கொண்டே போனான். அப்பா போன பிறகு அவளுக்கு எல்லாமுமாக இருந்தவன் அவன்தான்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

விசிறிகள் சீறத் தொடங்கின. அவள் பதறிப்போய்க் 'கதவைத் திற' என்று தட்டினாள். திரையில் வரிசை விரிந்தது. முதலில் 'காத்திரு', முப்பது நிமிடம், ஓடிக்கொண்டிருக்கிறது. நொடிக்கணக்கு என்றல்லவா நினைத்தாள்! கடைசியில் கதவு. இரண்டுக்கும் நடுவில் விளக்கு, இன்னும் ஓடாமல்.

அப்படியானால் விளக்கைப் போட்டது யார்?

'ரத்து' என்று தட்டினாள். அதுவும் வரிசையின் வாலில் போய் உட்கார்ந்தது. அணைத்துப் போட்டால் சர்வர் எழ ஒரு மணி நேரம் ஆகும். கடப்பாரையால் கதவை இடித்தாள். கை தோல் உரிந்ததுதான் மிச்சம். என் வாயாலேயே அண்ணனைக் கொன்றுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "பாப்பா... லைட்டு நீ போட்டதுதானே?"

"இல்லண்ணா."

"அப்போ சுவிட்சுகிட்ட நிக்கிறது யாரு?"

அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். பனிப்புகைதான் தெரிந்தது.

"கதவுகிட்ட வரான். கம்பளி போட்டிருக்கான். எனக்கு முன்னாடி நின்னுக்கிட்டான் பாப்பா, நகர மாட்டேங்கிறான்."

பிறகு பல் தந்தியடிக்கும் சத்தம் மட்டும். அதுவும் நின்றது. அவள் கதவில் நெற்றியை வைத்து, "அண்ணா, தூங்காதண்ணா," என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.

முப்பதாவது நிமிடம் கதவு திறந்தது.

பனிப்புகை முகத்தில் அடித்தது. அண்ணன் நீலம் பாரித்து நிலைப்படியில் சரிந்து கிடந்தான். மூச்சு இருந்தது. அவனை வாரி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

"எனக்கு முன்னாடி வெளிய வந்தவன் எங்க?" என்றான் முனகலாக.

"யாரும் வரலண்ணா."

அவன் கண்கள் அவள் தோளுக்குப் பின்னால் கட்டுப்பாட்டு அறையைப் பார்த்தன. அவளும் திரும்பினாள். அங்கே ஆளில்லை. விசைப்பலகை மேல் மட்டும் வெள்ளையாய் உறைபனி படிந்திருந்தது.

திரையில் புதிதாக ஒரு வரி: 'வெளிவாசலைத் திற.'

எங்கோ தாழ் விலகும் சத்தம் கேட்டது.