எட்டில் வந்தவள்

காலை ஏழரைக்கு நால்வரும் பயிற்சி அறையில் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துத் தலையசைக்கவில்லை. ஆனாலும் நான்கு வில்களும் ஒரே நொடியில் தந்திகளில் இறங்கின. பாதி வாசிப்பில் இரண்டாம் வயலின்காரி சஃபியா தும்மினாள். அவளுடைய வில் எழும்பியபோதே மற்ற மூன்று வில்களும் எழும்பின. அவள் மூக்கைத் துடைத்து முடித்ததும் நால்வரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். சன்னலுக்கு வெளியே நின்று கேட்பவர்கள், அந்த இடத்தில் அழகான ஒரு மௌனம் எழுதப்பட்டிருப்பதாகவே நினைத்திருப்பார்கள்.

முதல் வயலின் வாசித்த நிறைமதி அதைக் கவனிக்கவே இல்லை. பதினொரு வருடப் பழக்கம். நால்வருக்கும் காதின் பின்புறம், தோலுக்கடியில், உளுந்தம்பருப்பு அளவில் ஓர் 'இசைவி' இருந்தது. பேச்சு வழக்கில் அதை லிங்க் என்றார்கள். ஒருவர் கை அசைய நினைத்தால் அந்த நினைப்பு மற்ற மூவரின் கைகளுக்கும் போய்விடும். அதைவிட வினோதம், அந்த மூவருக்கும் அது தங்கள் சொந்த நினைப்பாகவே தோன்றும்.

முதலில் அறுவைச் சிகிச்சைக் குழுக்களுக்குத்தான் இசைவி வந்தது. பிறகு கப்பல் மாலுமிகள், பெரிய ஓட்டல் சமையல்கட்டுகள், கடைசியாக இசைக்குழுக்கள். சமவெளியின் வெக்கையில் மர வாத்தியங்கள் வெடிக்கத் தொடங்கியதால் இசைக்குழுக்கள் எல்லாம் கொடைக்கானலுக்கு ஏறி வந்திருந்தன. அங்கே இசைவி இல்லாத குழுவே கிடையாது. கச்சேரி முடிந்ததும் அரங்க வாசலின் திரையில் ஒரு சான்று ஒளிரும். எல்லோரும் எவ்வளவு ஒத்து வாசித்தார்கள் என்பதை மட்டும்தான் அது அளக்கும். நிறைமதியின் குழு பதினொரு வருடமாக நூற்றுக்கு நூறு.

இசைவி பொருத்த முடியாதவர்களைத் 'தனியர்' என்று சொன்னார்கள். அரங்கத்து விதிப்படி வருடத்தில் ஒரு கச்சேரிக்கு ஒரு தனியரை விருந்தினராக அழைக்க வேண்டும். பெரும்பாலான குழுக்கள் அதை வேண்டாவெறுப்பாகச் செய்தன. நிறைமதி அப்படிச் செய்யவில்லை. தூத்துக்குடியில் ஒரு திருமண வீட்டில் ஜெசிந்தா என்ற பெண், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவை வாசிப்பதைக் கேட்டுவிட்டு, அவள்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். இரண்டு வியோலாக்கள் உள்ள ஐவர் இசை ஒன்றையும் நிறைமதியே தேர்ந்தெடுத்தாள். குழுவின் மூத்தவரான செல்லோக்காரர் ஜோயலுக்கு அதில் விருப்பமில்லை.

"தெருவுல நாலு பேரு ஒண்ணா நடக்கும்போது அஞ்சாவது ஆளு குறுக்க வந்தா யாரு மேல முட்டும்? யோசிச்சுக்க நிறை," என்றார்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சிறு வயதில் வலிப்பு வந்ததால் அவளுக்கு இசைவி பொருத்த மருத்துவர்கள் மறுத்திருந்தார்கள். ஒத்திகைகளில் அவள் செருப்புக்குள் கட்டைவிரலை மட்டும் அசைத்து எண்ணிக்கொள்வாள். மற்ற நால்வரின் முகங்களையும் மாறி மாறிப் பார்ப்பாள். அந்தப் பார்வை நிறைமதிக்குப் பிடித்திருந்தது. பல வருடங்களாக வாசிக்கும்போது அவள் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

அந்த இசையின் மூன்றாம் பகுதியில் ஓர் இடம் வரும். ஐவரும் சட்டென்று நிறுத்தி, ஏழு எண்ணிக்கை அமைதியாக இருந்து, எட்டில் சேர்ந்து உரக்க நுழைய வேண்டும். ஒத்திகையில் ஒருமுறைகூட அது தவறவில்லை.

கச்சேரி மாலை நான்கு மணிக்கு. அரங்கம் நிறைந்திருந்தது. முதல் இரண்டு பகுதிகளும் நன்றாகப் போயின. மூன்றாம் பகுதியின் அமைதியில் நிறைமதி எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. முன்வரிசையில் ஒரு பெண் வாயைத் திறந்தபடி தூங்குவது கண்ணில் பட்டது. பாவம், எத்தனை மணிக்கு எழுந்தாளோ என்று நினைத்தாள். அந்த நினைப்பிலிருந்து திரும்பியபோது எட்டு வந்துவிட்டதாகத் தோன்றியது. வில்லை இறக்கினாள். மற்ற மூன்று வில்களும் அவளோடு இறங்கின.

வந்திருந்தது ஆறுதான்.

வில் தந்தியைத் தொட்ட கணத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஜெசிந்தாவின் வில் இன்னும் காற்றில் நின்றது. அவள் கண்கள் திகைத்து நால்வரையும் சுற்றி வந்தன. ஆனால் எட்டு வந்ததும், ஏட்டில் எழுதியிருந்தபடியே, முழு பலத்தோடு நுழைந்தாள். நால்வரும் அதற்குள் தணிந்த சுரத்துக்கு வந்துவிட்டதால் அவளுடைய ஒலி மட்டும் தனியாக, முரட்டுத்தனமாகக் கேட்டது. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். ஜெசிந்தா நிறுத்தினாள். அவள் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு அவர்களோடு வந்து சேர்ந்துகொண்டாள்.

வாசல் திரையில் சான்று ஒளிர்ந்தது. நால்வர் குழு, இசைவு நூறு. விருந்தினர், பிழை இரண்டு.

ஒப்பனை அறையில் வியோலாவைப் பெட்டியில் வைத்துக்கூட மூடாமல் ஜெசிந்தா நிறைமதியிடம் வந்தாள்.

"அக்கா, மன்னிச்சிருங்க. எட்டுன்னுதான் எண்ணினேன். எங்க விட்டேன்னே தெரியல. நீங்க எவ்வளவு நம்பிக் கூப்பிட்டீங்க."

நிறைமதி வாயைத் திறந்தாள். அறையில் ஜோயல் இருந்தார். சஃபியா இருந்தாள். குழுவின் வியோலாக்காரன் வினோதன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். வாசலில் பார்வையாளர்கள் சிலர் வாழ்த்துச் சொல்லக் காத்து நின்றார்கள். சொல்ல வேண்டியது நான்கே சொல். அதற்குப் பதிலாக அவள் கை தானாக நீண்டு ஜெசிந்தாவின் தோளைத் தட்டிக்கொடுத்தது.

"பரவாயில்ல ஜெசி. யாருக்கும் நடக்கிறதுதான். விடுங்க."

ஜெசிந்தா அந்தக் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த நாட்களில் நிறைமதியால் அந்தக் கையோடு நிம்மதியாக இருக்க முடியவில்லை. தப்பு செய்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். தான் செய்த தப்புக்காக இன்னொருத்தியை மன்னித்ததை நினைக்கும்போதுதான் சோறு இறங்கவில்லை. ஒருவேளை நினைவு தவறாக இருக்கலாமே என்று ஒலிப்பதிவை எடுத்துப் போட்டாள். மேசையில் விரலால் தட்டி எண்ணினாள். ஏழு முறை கேட்டாள். ஏழு முறையும் ஆறுதான். இசைவியின் பதிவேட்டையும் திறந்து பார்த்தாள். அந்த நொடிக்கு எதிரே ஒரு வரி இருந்தது. 'முன்னெடுப்பு: முதல் வயலின்.' அவளுடைய தப்புக்கு அந்தக் கருவி வைத்திருந்த பெயர் அது.

ஜோயலிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு எட்டுன்னுதான் இருந்துச்சு நிறை. சஃபியாவக் கேளு, வினோதனக் கேளு. எல்லாருக்கும் எட்டுதான்."

"அது என்னோட எட்டு, சார். எங்கிட்டருந்து உங்களுக்கு வந்தது."

"இருக்கட்டுமே. நாலு பேரும் சேர்ந்து வந்தோமில்ல? அப்ப அதுதான் எட்டு. அமைதியில எண்ணிக்கைய யாரு கேட்டா?"

"ஒருத்தி கேட்டா."

ஜோயல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பொண்ணு பாவம்தான். அதுக்காகப் பதினொரு வருஷத்தக் கொண்டுபோய்க் குப்பையில போடணுமா?" என்றார். நிறைமதி எழுந்து வந்தாள். அவர் சொன்னதில் தனக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்ததை உணர்ந்தபோது இன்னும் கூசினாள்.

மூன்று வாரம் கழித்து ஜெசிந்தாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அக்கா, ஒரு முடிவு எடுத்துட்டேன். மதுரையில ஒரு டாக்டர் எனக்கு லிங்க் வைக்கச் சம்மதிச்சிருக்காரு. வலிப்பு திரும்ப வரலாம், கை விழவும் வாய்ப்பிருக்குன்னு சொல்லுதாரு. பரவாயில்ல. என் எண்ணிக்கைய நம்பி இனிமே என்னால மேடையேற முடியாது. பதினெட்டாம் தேதி ஆபரேஷன். வேண்டிக்கிடுங்க.'

அன்று பதினாறு. நிறைமதி முதல் பேருந்தில் மலையிறங்கினாள்.

தூத்துக்குடியில் வெயில் தகித்தது. ஜெசிந்தாவின் வீடு உப்புக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. கட்டிலில் மருத்துவமனைக்கான பை கட்டித் தயாராக இருந்தது. எதிர்பாராத விருந்தாளியைக் கண்டு ஜெசிந்தா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நிறைமதி உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தாள்.

ஜெசிந்தா சிரித்தாள். "என் மனசு தேறட்டும்னு சொல்லுதீங்க. உங்களுக்குப் பெரிய மனசுக்கா. உக்காருங்க, மோர் தாரேன்."

"நான் நெசமாத்தான் சொல்றேன் ஜெசி."

"நாலு பேரு ஒண்ணு போல வந்தீங்க. நூறுன்னு போட்டிருந்துச்சு. நான் ஒருத்திதான் வேற. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

நிறைமதி ஒலிப்பதிவைப் போட்டாள். ஜெசிந்தா காதைப் பொத்திக்கொள்ளப் போனாள். அன்றைக்குப் பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் நிறைமதிக்குப் புரிந்தது. "ஒரே ஒரு தடவை. எனக்காக எண்ணுங்க," என்றாள்.

ஜெசிந்தாவின் கட்டைவிரல் தரையில் அசைந்தது. ஒருமுறை. மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் முறை அவளே வாய்விட்டு எண்ணினாள். "ஆறு" என்று அவள் சொன்னபோது நான்கு வாத்தியங்களும் ஒலித்தன. அதன் பிறகும் அவள் விடாமல் "ஏழு" என்றாள். "எட்டு" என்று சொன்ன நொடியில் பதிவுக்குள்ளிருந்து அவளுடைய வியோலா எழுந்தது.

பதிவை அவளே நிறுத்தினாள். பேசியபோது குரலில் மரியாதை குறையவில்லை. ஆனால் முன்பிருந்த பிரியம் அதில் இல்லை.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நான் மன்னிப்புக் கேக்கும்போதும் தெரியும்."

"தெரியும்."

"கேட்டுக்கிட்டு நின்னீங்க. தோளத் தட்டினீங்க." அவள் நிறைமதியின் கையைப் பார்த்தாள். "அந்தக் கைய நான் கண்ணுல ஒத்திக்கிட்டேன்."

நிறைமதிக்கு அழுகை வந்தது. இங்கே அழக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் உதட்டைக் கடித்து நின்றாள். "ஆபரேஷன் வேண்டாம் ஜெசி," என்றாள்.

"அத நான் பாத்துக்கிடுதேன். நீங்க சொல்லி நான் நிறுத்தணும்னு இல்ல." ஜெசிந்தா கட்டிலிலிருந்த பையை எடுத்து அவிழ்த்தாள். மடித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப வைக்கத் தொடங்கினாள். முதுகைக் காட்டியபடியே, "அந்த மேடையிலதான என்னையப் பாத்துச் சிரிச்சாங்க? அங்கயே சொல்லுங்க. நான் வந்து கேக்கேன்," என்றாள்.

குழுவின் அடுத்த கச்சேரி ஒரு மாதம் கழித்து, அதே அரங்கில். ஜெசிந்தா ஆறாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நிறைமதி வயலினை நாற்காலியில் வைத்துவிட்டு மேடை விளிம்புக்கு வந்தாள். மற்ற மூவருக்கும் அவளுடைய படபடப்பு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சஃபியா தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

நிறைமதி சுற்றி வளைக்காமல் சொன்னாள். போன கச்சேரியில் தப்பு என்னுடையது. ஆறாவது எண்ணிலேயே நான் நுழைந்துவிட்டேன். இசைவி மூவரையும் கூட இழுத்தது. சரியாக வாசித்தவர் விருந்தினர் ஒருவரே. அவர் மன்னிப்புக் கேட்டபோது நான் அதை ஏற்றுக்கொண்டேன். அது பெரிய இழிவு.

நடுவரிசையில் ஒருவர் எழுந்து கைதட்டினார். பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். கொஞ்ச நேரத்தில் அரங்கமே எழுந்து நின்றது. முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், "பாத்தீங்களா, ஒரு தனியருக்காகப் பழியத் தன் மேல போட்டுக்கிறாங்க. இப்படி ஒரு குணம் யாருக்கு வரும்?" என்று சொன்னது மேடை வரை கேட்டது.

"இல்லைங்க, நான் உண்மையத்தான் சொல்றேன். தப்பு என்னோடதுதான்," என்றாள் நிறைமதி. கைதட்டல் இன்னும் பலத்தது. அவர்கள் எல்லோரும் சான்றைப் பார்த்தவர்கள். நூறு வாங்கியவள் தப்பு செய்தேன் என்றால் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளத்தான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவள் அந்தப் பாராட்டில் தலைகுனிந்து நின்றாள். அதையும் பணிவு என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆறாவது வரிசை ஓரத்தில் ஒருத்தி மட்டும் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

கச்சேரி முடிந்ததும் நிறைமதி பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள். வத்தலக்குண்டு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஜெசிந்தா வியோலாப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு படியருகே நின்றாள்.

"யாரும் நம்பலயேக்கா," என்றாள்.

"இல்ல."

"நான் நம்புதேன். எனக்கு அது போதும். என் எண்ணிக்கை எனக்குத் திரும்பக் கிடைச்சிருச்சு."

நடத்துநர் விசிலை வாயில் வைத்தார். ஜெசிந்தா படியேறினாள். கம்பியைப் பிடித்தபடி திரும்பி, கோபமே இல்லாமல் நிறைமதியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆனா உங்களுக்குப் போதாதுல்ல?"

விசில் ஒலித்து வண்டி நகர்ந்தது, வளைவில் திரும்பியது.