கவிழ்க்காத பெட்டி

பதினோராவது பெட்டியில் வைக்கோல் அமுங்கியிருந்தது.

பனிமேல் வண்டி இழுக்கும் நாய்கள் தங்கள் மரப்பெட்டிக்குள் படுப்பதற்கு முன் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, வைக்கோலை மிதித்துக் குழியாக்கிக்கொள்ளும். அப்படி ஒரு குழி. வெர்னா குனிந்து கைவிட்டுப் பார்த்தாள். ஈரம். மற்றப் பத்துப் பெட்டிகளின் முன்னாலும் பத்து நாய்கள் சங்கிலியோடு நின்றிருந்தன, எதுவும் அவிழ்த்துக்கொள்ளவில்லை. நரி வந்து படுத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பத்து நாய்கள் கட்டியிருக்கும் முற்றத்துக்கு எந்த நரியும் வராது என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

தப்பு அவளுடையதுதான். யூக்கான் ஆற்றின் இந்தக் கரையில், நாய் செத்தால் அதன் பெட்டியை வாய் தரையில் படும்படி கவிழ்த்துவிடுவார்கள். குளிர்காலத்துக்கு வைக்கோல் போடும் முன் அதைச் செய்தாக வேண்டும், இல்லையென்றால் செத்தது படுக்கத் திரும்பி வரும் என்பார்கள். நேற்று வைக்கோல் கட்டைப் பிரித்து ஒவ்வொரு பெட்டியாக அடைத்துக்கொண்டு வந்தவள், கைப் பழக்கத்தில் டக்கரின் பெட்டியையும் நிரப்பிவிட்டாள். நிரப்பிய பிறகு எடுக்க மனம் வரவில்லை. ஆறு மாதமாகக் கவிழ்க்கவும் மனம் வரவில்லை. கவிழ்த்தால் டக்கர் செத்தது உறுதியாகிவிடும். டக்கர் செத்தது உறுதியானால் அவள் கணவன் ஆர்விலும் செத்தது உறுதிதான். இருவரும் ஒன்றாகப் போனவர்கள்.

அது ஏப்ரல் கடைசி. அவளுக்குப் பல்வலி. மூன்று நாள் அழுது புலம்பி அவன் உயிரை எடுத்தாள். ஆற்றின் மேல் பனிக்கட்டி இளகிக் கறுக்கத் தொடங்கியிருந்தது. எடை குறைவாக இருக்கட்டும் என்று முன்னோடி நாயான டக்கரை மட்டும் சின்ன வண்டியில் பூட்டிக்கொண்டு, அக்கரைக்கு மாத்திரை வாங்கக் கிளம்பினான் ஆர்வில். "கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, வந்துடுறேன்" என்று சிரித்தான். ஆற்றின் நடுவில் ஒரு கறுப்பு ஓட்டைதான் மிஞ்சியது. உடல் கிடைக்கவில்லை.

மதியம் அவன் தம்பி லெஸ்டர் படகில் வந்தான்.

"அண்ணி, இந்த விறகை அடுக்கினது நீங்களா, கரடியா? இவ்வளவு கோணலா இருக்கு!"

"கரடியத்தான் கூப்பிட்டேன். உங்க கொழுந்தன் வந்து அடுக்கட்டும்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிடுச்சு."

சிரித்துக்கொண்டே முற்றத்துக்குள் வந்தவன் டக்கரின் பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"இன்னும் கவுக்கலையா? வைக்கோல் வேற போட்டிருக்கீங்க!"

"கை தவறிப் போச்சு."

"நகருங்க, நான் கவுத்துடறேன்."

"தொடாத லெஸ்டர்."

அவள் குரலைக் கேட்டு நாய்கள்கூடத் திரும்பிப் பார்த்தன. லெஸ்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அண்ணி, சொன்னாக் கேளுங்க. ரெண்டு நடையில நாயையும் உங்களையும் ஊருக்குக் கொண்டு போயிடறேன். நாளைக்கே ஆத்துல பனிக்கூழ் இறங்கிடும். அப்புறம் கட்டி இறுகுற வரைக்கும் ஒன்றரை மாசத்துக்குப் படகும் ஓடாது, வண்டியும் ஓடாது, நாதி கிடையாது."

"உங்க அண்ணன் வர்றப்ப வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதுப்பா. அடுப்பு எரியணும்."

"அவன் வரமாட்டான் அண்ணி." கையிலிருந்த தொப்பியைச் சுருட்டினான். "எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

அவள் திரும்பி, குளிர் புகாதபடி மரச்சுவரின் இடுக்கில் பாசியைத் திணிக்கத் தொடங்கினாள். படகின் சத்தம் வளைவைத் தாண்டித் தேய்ந்து மறையும்வரை திணித்துக்கொண்டே இருந்தாள். அந்த இடுக்கு எப்போதோ அடைபட்டிருந்தது.

நாலு மணிக்கே வெளிச்சம் வடிந்தது. லெஸ்டர் சொன்ன நாளைக்குக்கூட ஆறு பொறுக்கவில்லை. பனிக்கூழ் கரையை உரசிக்கொண்டு, யாரோ ஓயாமல் காகிதம் கசக்குவதைப் போலச் சரசரத்தபடி இறங்கிக்கொண்டிருக்க, பாதியாக வெட்டிய டிரம்மில் நாய்களுக்கான மீனும் அரிசியும் கொதிக்கும் கவிச்சி வாடை முற்றமெங்கும் கனத்துக் கிடக்க, வெர்னா அகப்பையால் கிளறியபடி நாய்களை எண்ணினாள். பத்து. பத்துத் தட்டுகளில் ஊற்றினாள். நின்றாள். அழுகை வந்தது. பதினோராவது தட்டையும் எடுத்து நிரப்பி, அந்தப் பெட்டியின் வாசலில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.

தின்று முடித்ததும் நாய்கள் ஒன்றாக ஊளையிடும். தினமும் உண்டு. ஒவ்வொன்றின் குரலும் அவளுக்குத் தெரியும். டக்கர் போனதிலிருந்து தொடங்கி வைக்க ஆளில்லாமல் ஆளுக்கொரு நேரத்தில் ஊளையிட்டு அலங்கோலமாக முடிக்கும். இன்று ஒரு குரல் முதலில் எழுந்தது. தாழ்ந்த, நீளமான, நடுவில் உடையும் குரல்.

மற்றப் பத்தும் சேர்ந்துகொள்ளவில்லை.

அவள் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். பதினோராவது தட்டு காலி. பெட்டிக்குள் இரண்டு கண்கள்.

"டக்கர்!"

மண்டியிட்டுக் கட்டிக்கொண்டாள். அதன் மயிரிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் மூச்சே கழுத்துத் துணியில் உறைந்து வெள்ளையாகும் குளிர். அந்தத் தண்ணீர் மட்டும் உறையவில்லை. வழிந்துகொண்டே இருந்தது. கை மரத்துப்போனது. பயத்தைவிடச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது அவளுக்கு.

"வந்துட்டியாடா கண்ணு... அவரு எங்கடா? போ, கூட்டிட்டு வாடா."

ஏவல் காதில் விழுந்ததும் டக்கர் எழுந்து வெளியே வந்தது. மார்பில் இழுவைப் பட்டை அப்படியே இருந்தது. பட்டையிலிருந்து பின்னால் கயிறு. விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். கயிறு முற்றத்தைக் கடந்து, சரிவில் இறங்கி, ஆற்றுக்குள் போயிருந்தது.

டக்கர் முன்னால் சாய்ந்து இழுத்தது. கயிறு விறைத்தது.

நில் என்று ஒரு சொல் போதும். எந்த வண்டி நாயும் அதற்கு நின்றுவிடும். அந்தச் சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஆறு மாதம் காத்திருந்த மனம் அதைச் சொல்லவிடவில்லை.

கீழே பனிக்கூழின் சரசரப்பு நின்றது.

நாய்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போயின. பின்சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டன.

சொட்டும் சத்தம். மரம் மண்ணில் உராயும் சத்தம். ஆற்றுச் சேற்றின் வாடை.

வண்டி சரிவின் மேல் ஏறியது. பின்னால் சறுக்குக் கட்டைகளின் மேல் ஆர்வில் நின்றிருந்தான். தலை குனிந்திருந்தது.

"என்னங்க..."

டக்கர் அவளை ஒரு சுற்றுச் சுற்றி வண்டியைத் திருப்பியது. ஆற்றைப் பார்த்து நின்றது. திறந்து கிடந்த கதவு வழியே அடுப்பின் வெளிச்சம் முற்றத்தில் நீண்டு, அவன் கால்வரை வந்து விழுந்தது. அவன் வீட்டைப் பார்க்கவேயில்லை.

மெல்லக் குனிந்தான். வண்டியில் விரித்திருந்த மான்தோலின் ஓரத்தை, அவள் எப்போதும் உட்காரும் பக்கத்தில், தூக்கிப் பிடித்தான். கைமுட்டியிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் ஏறி உட்காரும்வரை கை வலிக்காதவனைப் போல, பிடித்த பிடி தளராமல் நின்றான்.