அடுத்தவர் அனுப்பிய திருத்தம்

நிரலுக்கு வந்த திருத்தத்தில் தப்பு எதுவும் இல்லை. சோதனைக்காக அதில் எழுதியிருந்த பெயர்தான் உறுத்தியது.

சோதனை வரிகளில் எல்லோரும் வாயில் வந்ததை எழுதுவார்கள். பழத்தின் பெயர், நாய்க்குட்டியின் பெயர், பிடிக்காத மேலதிகாரியின் பட்டப்பெயர். 'அடுத்தவர்' என்ற பெயரில் திருத்தம் அனுப்பும் ஆசாமியோ ஆங்கில எழுத்தில் 'மாடிப்படி' என்று எழுதியிருந்தார். முந்தைய திருத்தத்தில் 'கூடம்'. அதற்கும் முன்னால் 'வாசல்'. நம்ம பாஷை பேசுகிற ஆள் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டுத்தான் முதல் இரண்டையும் அவள் ஏற்றுக்கொண்டிருந்தாள். இப்போது மூன்றையும் சேர்த்துப் படித்தபோது, யாரோ கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் நடந்து வருவது போல இருந்தது.

இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விடப்பட்ட ஒரு டி.என்.எஸ். சர்வரை அவளும் இன்னும் சிலரும் ஆசைக்காகப் பராமரித்து வந்தார்கள். இணையத்தில் ஒரு பெயரைக் கேட்டால் அது எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் நிரல் அது. உள்ளே ப்ளகின்கள் என்ற குட்டி நிரல்கள் வரிசை கட்டி நிற்கும். கேள்வி முதல் ப்ளகினிடம் வரும். தெரிந்தால் பதில் சொல்லும், தெரியாவிட்டால் அடுத்ததிடம் தள்ளிவிடும். எதற்குமே தெரியாவிட்டால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் போகும். "நம்ம ஊர் ஆபீஸ் மாதிரியேதான், ஆளாளுக்குப் பக்கத்து சீட்டைக் கை காட்டுறது" என்பான் வௌவால். அவளோடு சேர்ந்து திருத்தங்களைச் சரிபார்ப்பவன். எங்கோ இன்னொரு தேசத்தில் இருந்தான். பகலெல்லாம் தூங்குவான் என்பதால் அந்தப் பெயர்.

ஏற்றுக்கொண்ட திருத்தங்கள் முதலில் அவள் வீட்டில்தான் ஓடும். கூடத்து அலமாரியில், டி.வி.க்குப் பின்னால், உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. புதிதாக எது வந்தாலும் அது தானாகவே எடுத்துக்கொள்ளும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம்தான், ஆனால் ஜன்னலில் வெளிச்சம் செத்துப்போயிருந்தது. மாடி அறையில் அவள் மட்டும். கீழே, கூடத்தை ஒட்டிய அறையில் மாமனார். இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போய்வர இப்போதுதான் பழகியிருந்தார். கணவன் வேலையிலிருந்து திரும்பவில்லை. ஈரச் சுவர் வாசனையும் மாமனாரின் தைல வாசனையும் கலந்து படியேறி வந்தன.

அவள் தட்டச்சு செய்தாள்: "சோதனைப் பெயர்களை மாற்றிவிடுங்கள். குழப்பமாக இருக்கிறது."

விரலை எடுப்பதற்குள் அடுத்தவரிடமிருந்து பதில் வந்தது.

"அவை சோதனைக்கு அல்ல."

அவள் வௌவாலைப் போனில் கூப்பிட்டாள்.

"அந்த மாடிப்படி திருத்தத்தை இன்னும் சேர்க்கலைல்ல?"

"சேத்துட்டேனே," என்றான் வௌவால், கொட்டாவியோடு. "சுத்தமா எழுதியிருந்தாரு. உன்னைவிட நல்லாவே எழுதறாரு, கோச்சுக்காதே."

"எடுத்துடு. மூணையும் எடுத்துடு."

"ஏன், என்ன ஆச்சு?"

அவள் திரையைப் பார்த்தாள். கீழே இருக்கும் பெட்டி தனக்கு வரும் கேள்விகளை எழுதிக்கொண்டே போகும் சாளரம் திரையின் ஓரத்தில் திறந்திருந்தது. வழக்கமாக டி.வி.யும் போன்களும் கேட்கும் பெயர்களால் அது சலசலவென்று ஓடும். இப்போது ஒரே ஒரு கேள்வி நின்றது.

மைனா.

ஓயாமல் பேசுகிறாள் என்று கல்யாணமான புதிதில் மாமனார் அவளுக்கு வைத்த பெயர் அது. இந்த வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. எந்தத் திரையிலும் அவள் அதை எழுதியதில்லை.

கேள்விக்குக் கீழே ஒரு வரி முளைத்தது. வாசல்: தெரியாது, அடுத்து.

கீழே வாசல் கதவின் தாழ்ப்பாள், மழைச் சத்தத்துக்கு நடுவில், எண்ணெய் போட்டது போல மெதுவாக விலகியது.

கூடம்: தெரியாது, அடுத்து.

தரையில் ஏதோ நடந்தது. காலடி என்று சொல்ல முடியாது. ஈரத் துணியைத் தரையில் வைத்து, எடுத்து, மறுபடி வைப்பது போல. அது டி.வி.யைக் கடந்தது, நாற்காலியைக் கடந்தது, மாமனாரின் அறை வாசலில் வந்து நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒரு முணுமுணுப்பு. வார்த்தை பிடிபடவில்லை, கேள்வியின் ராகம் மட்டும்.

"மைனாவா?" என்றது மாமனாரின் குரல், சாதாரணமாக, வீட்டுக்கு வந்தவரிடம் பேசுவது போல. "மேல இருக்கா."

முதல் படி முனகியது.

அவள் ஓடிப்போய் அறைக் கதவைச் சாத்தித் தாழிட்டாள். போனில் வௌவாலிடம், "எடுத்துட்டியா?" என்றாள்.

"எப்பவோ எடுத்தாச்சு. உன் பெட்டி இன்னும் கேக்குதா? எங்கேயோ சுத்திச் சுத்தி மாட்டிக்கிச்சு போல. அப்படி ஒரு பேரே இல்லைன்னு ஒரு பதில் போனா நிறுத்திடும். இல்லைங்கிறதையே ஞாபகம் வச்சுக்கும், மறுபடி கேக்காது."

இன்னொரு படி.

இணைப்பைத் துண்டித்து மாமனாரின் போனுக்கு அடித்தாள். கீழே அவருடைய மணி ஒலிப்பது கேட்டது. அவர் எடுக்க ஒரு யுகம் ஆனது.

"மாமா, யார்கிட்ட பேசினீங்க?"

"யாரோ உன்னைக் கேட்டாங்கம்மா. தெரிஞ்ச குரலாதான் இருந்துச்சு. ரூம்ல லைட்டு போடலை, மூஞ்சி தெரியலை. ஏன், மேல வரலையா இன்னும்?"

"மாமா, நான் சொல்றதைக் கேளுங்க. இப்பவே சத்தமா சொல்லுங்க. மைனான்னு இங்க யாரும் இல்லைன்னு."

"நீ மேல இருக்கேன்னு இப்பதானே சொன்னேன். பொய்யா சொல்லணும்?"

"சொல்லுங்க மாமா! உங்க காலைப் பிடிச்சுக்கறேன், சொல்லுங்க!"

படிகள் முடிந்துவிட்டன. கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ நின்றது. மாடிப்படி விளக்கிலிருந்து கதவடியில் விழுந்த கோட்டு வெளிச்சம் நடுவில் இருண்டது. மழையில் நெடுநேரம் ஊறிய துணியின் நாற்றம். கைப்பிடி அசையவில்லை. அது காத்திருந்தது.

போனிலும் மாடிப்படி வழியாகவும் ஒரே நேரத்தில், இரண்டாக, மாமனாரின் குரல் எழும்பியது.

"இந்தாங்க, உங்களைத்தான்! மைனான்னு இங்க யாரும் இல்லை!"

நிசப்தம்.

கதவடியில் வெளிச்சம் திரும்பியது. திரையில் கேள்வி காணாமல் போய், டி.வி.யும் போன்களும் கேட்கும் பழைய பெயர்கள் சலசலவென்று ஓட ஆரம்பித்தன. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு, தன் பயத்தை நினைத்துக் கொஞ்சம் சிரித்தாள்கூட. மாமனாரைப் பார்க்க வேண்டும், ஒரு டம்ளர் வெந்நீர் போட்டுக் கொடுக்க வேண்டும், அவர் கிண்டல் பண்ணினால் பண்ணட்டும். கதவைத் திறந்தாள். வெளியே யாரும் இல்லை. படிகளில் ஈரம்கூட இல்லை. சுவரைத் தொட்டுக்கொண்டே கீழே இறங்கினாள்.

மாமனார் வாக்கரைப் பிடித்தபடி கூடத்துக்கு வந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"யாருங்க நீங்க?"

"மாமா, விளையாடாதீங்க."

"எப்படி உள்ள வந்தீங்க?" வாக்கரின் கால்கள் தரையில் கடகடவென்று அடித்துக்கொண்டன. அவர் விளையாடவில்லை. அந்தக் கண்களை அவளுக்குத் தெரியும். அதில் இருந்தது நிஜமான பயம். "பக்கத்துல வராதீங்க. நான் தனியா இல்லை, வீட்ல ஆள் இருக்கு."

மருந்தின் வேகமாக இருக்கும் என்று நினைத்தாள். இருக்க வேண்டும். கணவனை அழைத்தாள்.

"என்னங்க, சீக்கிரம் வாங்க, மாமாவுக்கு..."

"ராங் நம்பர்ங்க," என்றான் கணவன். அந்த மரியாதைதான் அவளைக் குத்தியது. "யார் வேணும் உங்களுக்கு?"

அதே வார்த்தைகள் வாசலுக்கு வெளியிலும் கேட்டன. அவன் வந்துவிட்டிருந்தான். சாவி திரும்பியது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, போனைக் காதில் வைத்தபடியே உள்ளே வந்தான். அவளைப் பார்த்தான். அவள் கையில் இருந்த போனைப் பார்த்தான். முகத்தில் ஒரு சலனம்கூட இல்லை.

"நான்தான்," என்றாள். "என்னைப் பாருங்க. நான்தான்."

அவன் அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றான்.

"யாருப்பா இவங்க?"

"தெரியலைடா. மேலேருந்து இறங்கி வந்தாங்க."

அவன் அவள் மேலிருந்து கண்ணை எடுக்காமல், மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"மைனா! கொஞ்சம் கீழ வா. யாரோ வந்திருக்காங்க."

மாடியில் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

அவள் நாற்காலி.

"இதோ வரேங்க," என்றது அவள் குரல்.

படிகள் வரிசையாக முனகின. அது அவள் இறங்கும் விதம். திருப்பத்தில் ஒரு நிமிஷம் நின்று, சுவரைத் தொட்டு, மறுபடி இறங்குவது. அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. நிமிர்த்தக் கூடாது. தரையை மட்டும் பார்த்தாள். வெறும் பாதங்கள் கடைசிப் படியிலிருந்து கூடத்தில் இறங்கின. பட்ட இடமெல்லாம் ஈரம்.

மாமனாரின் உடம்பிலிருந்து நடுக்கம் கழன்று போனது. வாக்கரை விட்டு ஒரு கையை நீட்டினார், தண்ணீரில் தத்தளித்தவன் கரையை எட்டிப் பிடிப்பது போல.

"வந்துட்டியாம்மா. நல்ல வேளை. இவங்க யாருன்னு கேளு."

அந்தக் கையைப் பற்ற ஒரு கை வந்தது. அவளுடைய கை. அதே நகங்கள். மோதிர விரலில் அவள் மோதிரம். அவள் தன் விரலைப் பார்த்தாள். வெயில் படாத வெளுத்த வளையம் மட்டும் இருந்தது.

மாமனாரின் தோளை மெல்லத் தடவிக்கொண்டே அது சொன்னது:

"பயப்படாதீங்க மாமா. நான் இருக்கேன்ல."