நாலு மணிச் சங்கு

சிங்காநல்லூரில் பங்காரம்மா காம்பவுண்டில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. தெருக்கோடியில் இருக்கும் மில், காலை எட்டு மணிக்கு ஒரு முறையும் மாலை நாலு மணிக்கு ஒரு முறையும் சங்கு ஊதும். அப்பப்பா, காதைக் கிழிக்கும் சத்தம்! எட்டு மணிச் சங்கு ஊதினால் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டும். நாலு மணிச் சங்கு ஊதினால் அடுப்பில் காபிக்குப் பால் ஏற வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் மாடி வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் அந்தச் சங்கைக் கேட்டதும் ஓடினார்கள்.

அதை முதலில் பார்த்தது ஆறாம் வகுப்பு நவ்யாதான். பார்த்ததோடு சும்மா இருந்திருக்கலாம். அவளுக்குத்தான் வாயில் எதுவும் தங்காதே! நேராகக் கீழ் வீட்டு ராமுலு மாமாவிடம் போனாள்.

"மாமா, மாமா! மாடி வீட்டு அக்கா சங்கு ஊதினா ஒரு நீலப் பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வராங்க. படிக்கட்டுக்கு அடியில ஒளிஞ்சுக்கறாங்க. சங்கு நின்னாத்தான் வெளியில வராங்க!"

ராமுலு மாமா அதே மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"பைக்குள்ள என்ன கண்ணு இருக்குது?"

"தெரியலைங்க மாமா."

"தெரியலையா..." என்று மாமா மாடியை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் சரியாக இல்லை.

மாடி வீட்டுக்காரர்கள் இலங்கைத் தமிழர்கள். அகதி முகாமிலிருந்து வந்தவர்கள். அப்பா பெயிண்டர். கோவையில் வேலை கிடைத்ததால் வெளியே வாடகைக்கு வீடு எடுத்தார்; இது இரண்டாவது வீடு. ஆனாலும் மாதம் இரண்டு சனிக்கிழமை முகாமுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். அம்மா பெயர் கௌரி. மகள் தர்சிகா நவ்யாவின் வகுப்பு. அவள் பிறந்ததே முகாமில்தான். இலங்கையை அவள் பார்த்ததுகூட இல்லை.

அந்த வாரம் பார்த்தா டிவியில் எங்கோ ஒரு நகரத்தில் குண்டு வெடித்த செய்தி ஓட வேண்டும்? காலையில் அதே படம், சாயங்காலமும் அதே படம். செவ்வாய்க்கிழமை நவ்யா சொன்ன பை, புதன்கிழமை கனமான பையாக மாறியது. வியாழக்கிழமை அதற்கு ஒயர் முளைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் குழாயடியில் நின்றவர்கள் பேச்சில் சிவப்பு விளக்கு ஒன்றும் எரிந்தது.

வீட்டுக்காரப் பங்காரம்மா குடத்தைக் கீழே வைத்தார்.

"இந்தப் பேச்சு எனக்கு ஆகாதுங்க. நாளைக்கு மூணரைக்கு எல்லாரும் வாசலுக்கு வந்துருங்க. முக்காவாசிப் பேரு வேண்டாம்னா, மாடி ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போடறேன்."

அன்று பள்ளியில் நவ்யாவுக்கு டிபன் பாக்ஸைத் திறக்கவே மனம் வரவில்லை.

"நாளைக்கு எங்களைப் பற்றிக் கூட்டம் போடுகினமாம்" என்றாள் தர்சிகா மெதுவாக. "போன வீட்டிலயும் இப்பிடித்தான் கூட்டம் போட்டவை. அடுத்த நாளே நாங்க சாமான் கட்டினனாங்கள். எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கு நவ்யா."

நவ்யா தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னது நான்தான் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

பள்ளி விட்டு வந்ததும் நவ்யா ஸ்கிப்பிங் கயிற்றைத் தேடினாள். அது படிக்கட்டுக்கு அடியில், ராமுலு மாமாவின் துருப்பிடித்த பழைய சைக்கிளில் மாட்டிக்கிடந்தது. அவள் குனிந்து உள்ளே நுழைந்த நேரம், நாலு மணிச் சங்கு ஊதியது.

தடதடவென்று காலடிச் சத்தம். கௌரி அக்கா ஒரு கையில் பையும் மறு கையில் தர்சிகாவுமாக ஓடி வந்தார். உள்ளே நவ்யா இருப்பதைப் பார்த்தார். இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து இழுத்து, தலையைத் தன் மடியில் அமுக்கி, மேலே கவிழ்ந்துகொண்டார். அவர் கை நவ்யாவின் காதை இறுக்கமாகப் பொத்தியிருந்தது.

சங்கு நின்றது. கௌரி அக்கா மெல்ல நிமிர்ந்தார்.

"பயந்திட்டீங்களோ பிள்ளை?"

"இது மில்லு சங்குதானுங்க அக்கா. ஷிப்டு மாறுறதுக்கு ஊதுவாங்க."

"ஓம், தெரியும். ஆனா கால் கேக்குதில்லை. சின்ன வயசில ஊரில சங்கு கேட்டா உடன பங்கர்க் குழிக்குள்ள ஓடவேணும். பிறகுதான் பிளேன் வந்து குண்டு போடும். ஓடாத ஆக்கள் தப்பினதில்லை." அவர் வெட்கத்தோடு சிரித்தார். "விடியச் சங்குக்கு இவளின்ட அப்பா பக்கத்தில இருப்பார். பின்னேரம்தான் தனிய."

"அப்ப இந்தப் பை?"

தர்சிகா பையைத் திறந்து காட்டினாள். அகதி அட்டை மூன்று. ஒரு பழைய போட்டோ. ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு பாக்கெட் பிஸ்கட்.

"ஓடினா இதுதான் எங்களிட்ட மிஞ்சும். அதால அம்மா எப்பவும் கட்டி வைப்பா" என்றாள். பிறகு நவ்யாவுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். நவ்யா அதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு வாசலில் நாற்காலிகள் போட்டார்கள். தர்சிகாவின் அப்பா முகாமுக்குப் போயிருந்தார். மாடிக் கதவு சாத்தியிருந்தது.

"நான் யாரையும் வெறுக்கலைங்க" என்று ராமுலு மாமா எழுந்தார். "எனக்குப் பயமா இருக்குதுங்க. பல வருசத்துக்கு முன்னால நம்மூர்ல குண்டு வெடிச்சப்ப நான் கடைவீதியில இருந்தேன். எனக்கு இந்தக் காது அன்னைக்குப் போனதுதான். அகதின்னு சொல்லிக்கிட்டு யாரு வேணா வரலாமுங்க. நூறு பேர்ல ஒருத்தன் கெட்டவனா இருந்தாப் போதாதுங்களா?"

"அந்த ஒருத்தனுக்குப் பயந்து மத்தவங்களை எங்கீங்க போகச் சொல்றது?" என்றார் நவ்யாவின் அம்மா.

"போலீஸ் ஸ்டேஷன்ல பேப்பரெல்லாம் குடுத்துப்போட்டுத்தான் ஊடு வாடகைக்கு உட்டேன்" என்றார் பங்காரம்மா. "ஆனா அந்தப் பையில ஒயர் இருக்குதுன்னு சொல்றாங்களே?"

நவ்யாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"ஒயர் இல்லைங்க! விளக்கும் இல்லைங்க! நான்தான் பையைப் பத்திச் சொன்னேன். பைன்னு மட்டும்தான் சொன்னேன். மத்ததெல்லாம் நீங்களே சேர்த்துக்கிட்டீங்க!"

"ஏனுங்க அம்மணி, பெரியவங்க பேசறப்ப..." என்று யாரோ அதட்டினார்கள்.

நவ்யாவின் கண் பங்காரம்மாவின் கைக்கடிகாரத்தில் இருந்தது. நாலாக மூன்று நிமிடம்! படிக்கட்டுக்கு அடியை மறைத்துக்கொண்டு வரிசையாக நாற்காலிகள். இத்தனை பேரைத் தாண்டி கௌரி அக்கா எங்கே ஓடுவார்?

"நகருங்க, நகருங்க! சங்குக்கு நேரமாச்சு!"

நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள். கதவைத் தட்டினாள்.

"அக்கா, நான் நவ்யா! இன்னும் ரெண்டு நிமிஷத்துல சங்கு ஊதும். நான் கூட இருக்கறேன்!"

கதவு திறந்தது. கௌரி அக்காவின் முகம் வெளுத்திருந்தது. பை தோளில் தயாராக இருந்தது. நவ்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மறு கையைத் தர்சிகா பிடித்தாள்.

சங்கு ஊதியது.

கௌரி அக்காவின் கால்கள் கேட்கவில்லை. மூன்று பேரும் பாதிப் படி வரை இறங்கிவிட்டார்கள். கீழே கூட்டத்தைப் பார்த்ததும் அவர் அங்கேயே உட்கார்ந்தார். இரண்டு பிள்ளைகளின் தலையையும் மடியில் அமுக்கி மேலே கவிழ்ந்தார். பை உருண்டு போய் வாசலில் விழுந்தது. ஒருவரும் அசையவில்லை. அதிலிருந்து பிஸ்கட் பாக்கெட் மட்டும் வெளியே வந்து விழுந்தது.

சங்கு நின்றது.

ராமுலு மாமா படியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நானும் இப்படித்தான்..." என்றார். "கடைவீதியில ஒரு மேசைக்கு அடியில... இப்படியே தலையைப் பொத்திக்கிட்டு கெடந்தேனுங்க. முப்பது வருசம் எனக்குச் சோறு போட்ட சங்கு. இதைக் கேட்டுப் பயப்படறவங்க இருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்லை."

நவ்யா தலையைத் தூக்கினாள். "நேத்தும் அக்கா என் காதையுந்தான் பொத்தினாங்க மாமா. நான் யாருன்னுகூட யோசிக்கலை."

"சரிங்க, என்ன முடிவு?" என்றார் பங்காரம்மா. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடிதான் கேட்டார்.

ராமுலு மாமா படிக்கட்டுக்கு அடியில் குனிந்தார். துருப்பிடித்த சைக்கிளைப் பிடித்து இழுத்தார். கீச் கீச்சென்று அது வெளியே வந்தது.

"இதை நாளைக்கே பழைய இரும்புக்குப் போட்டர்றேன். உள்ள உக்கார எடம் பத்தாதுல்லீங்க?"

மற்றவர்கள் நாற்காலிகளை மடக்கினார்கள். யாரும் கை தூக்கவும் இல்லை, எண்ணவும் இல்லை.

திங்கட்கிழமை நவ்யாவும் தர்சிகாவும் பள்ளியிலிருந்து வந்தபோது ராமுலு மாமா முதல் படியில் நின்று, மாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏனுங் கௌரியம்மா! சங்குக்கு இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குதுங்க! மெதுவா வாங்க!"

கௌரி அக்கா மெதுவாகவே இறங்கி வந்தார். மூன்று பேரும் படிக்கு அடியில் உட்கார்ந்தார்கள். சங்கு ஊதத் தொடங்கியதும் வெளியே நின்ற ராமுலு மாமா ஒரு முறை இந்தப் பக்கம் பார்த்தார், ஒரு முறை அந்தப் பக்கம் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க கண்ணு" என்று தானும் உள்ளே நுழைந்துகொண்டார்.

பையில் மூன்று பிஸ்கட்தான் இருந்தது. மாமா தன் சட்டைப் பையிலிருந்து ஒரு புதுப் பாக்கெட்டை எடுத்தார்.