ஈஸ்டுக்கு வைத்த பண்டாரா

அன்று முதலில் சிரித்தது யார் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மேகலாதான் என்கிறான் ரவிக்குமார். ரவிக்குமார்தான் என்கிறாள் மேகலா. நான் வழக்கம்போல மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நினைவில் நிற்கிறதைச் சொல்கிறேன்.

டில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. மேகலா, ரவிக்குமார், நான் மூவரும் அங்கே ஆராய்ச்சி மாணவர்கள். எங்கள் பேராசிரியர் வத்சலா மேடம். நாங்கள் வளர்த்தது ஈஸ்ட். ரொட்டி மாவைப் பொங்க வைக்குமே, அதே ஈஸ்ட்தான். வட்டமான சிறு தட்டுகளில் சாப்பாடு ஊற்றி வைத்தால், அதில் பொட்டுப் பொட்டாக வளரும்.

பள்ளி விட்டதும் மேகலாவின் அக்கா மகள் பொன்னி அங்கே வந்துவிடுவாள். நான்காம் வகுப்பு படித்தாள். அவள் அம்மா சரோஜினி நகரில் வீட்டு வேலைகளை முடித்துவிட்டு வரும்வரை எங்களோடுதான் இருப்பாள். மேடம் அவளுக்கு ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். எதையும் பார்க்கலாம், எதையும் தொடக் கூடாது.

அதனால் பொன்னி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சோதனைக்கு வந்த பெரிய அதிகாரி மாதிரி நடப்பாள்.

"சித்தி, இந்தத் தட்டுல பொட்டெல்லாம் ஏன் சிவப்பா இருக்கு? அந்தத் தட்டுல ஏன் வெள்ளை?"

மேகலா வேலையை நிறுத்தாமல் பதில் சொன்னாள். "ஈஸ்டுக்குள்ள நீளமா ஒரு நூல் இருக்கு. அது குட்டிக் குட்டி மணிங்க மேல சுத்தியிருக்கும். சில இடத்துல மணிங்க ரொம்ப நெருக்கமா ஒட்டி உட்கார்ந்துடும். அந்த இடத்துல இருக்கிற ஜீன் பேசாது."

"செத்துப்போச்சா?"

"இல்ல, இருக்கு. பேசாம இருக்கு."

பொன்னி மெல்ல என் பக்கம் திரும்பினாள். "வல்லிக்கா மாதிரியா?"

ரவிக்குமார் சத்தமாகச் சிரித்தான். என் முழுப்பெயர் சுந்தரவல்லி. நான் அதிகம் பேசுவதில்லை என்பது ஆய்வுக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

"மணிங்களை யாரு ஒட்டி உட்கார வைக்கிறது?" என்று கேட்டாள் பொன்னி.

"ஒரு என்சைம். ஒவ்வொரு மணியாப் போய், அதுமேல இருக்கிற சின்ன அடையாளத்தை எடுத்துடும். அப்பதான் மணி நெருங்கி உட்காரும். நான் அந்த என்சைமை லேசா மாத்தி வெச்சிருக்கேன். மாத்தினா அதால வேலை செய்ய முடியுதான்னு பாக்கணும்."

"அதை எப்படிப் பாக்கறது? அவ்ளோ குட்டியா இருக்குமே."

"அதுக்குத்தான் கலர். ஈஸ்ட் அடினைன்னு ஒண்ணைத் தனக்குத் தானே சமைச்சுக்கும். அந்தச் சமையல்ல நடுவுல ஒரு வேலையைச் செய்யற ஜீனை எடுத்து, பேசக் கூடாத இடத்துல வெச்சிருக்கேன். அது பேசலைன்னா சமையல் பாதியில நின்னுடும். பாதி சமைச்சது எல்லாம் குவிஞ்சுடும். அந்தக் குவியல்தான் சிவப்பு."

"அப்போ பாவம், பட்டினியா?"

"உயிரோட இருக்கிற அளவுக்கு நாமளே கொஞ்சூண்டு அடினைன் போட்டுடுவோம்."

சாதாரண ஈஸ்டில் அந்த ஜீன் பெரும்பாலும் பேசாது. எப்போதாவது பேசும். அதனால் அதன் பொட்டுகள் சிவப்பாக, நடுநடுவே வெள்ளைக் கீற்றோடு இருக்கும். மேகலா மாற்றிய ஈஸ்டிலோ என்சைம் கெட்டுப்போனதால் ஜீன் வாயை மூடுவதே இல்லை. எல்லாப் பொட்டும் வெள்ளை.

பொன்னி குனிந்து பார்த்தாள். "சிவப்பெல்லாம் குட்டியா இருக்கு. வெள்ளைதான் கொழுகொழுன்னு இருக்கு. பாவம்ல?"

"ஆமால்ல?" என்றான் ரவிக்குமார்.

ரவிக்குமாருக்கு யாரும் பசியோடு இருக்கக் கூடாது. அவன் சட்டைப்பையில் எப்போதும் பிஸ்கட் இருக்கும். அவன் தலை தெரிந்தால் போதும், வாசல் நாய்கள் எழுந்து நிற்கும்.

கொஞ்ச நாள் கழித்து, மேடத்துக்குக் காட்டுவதற்காக மேகலா அதே சோதனையைப் பெரிதாகத் திரும்பச் செய்தாள். தட்டுகளை எடுத்துப் பார்த்தால், எல்லாமே வெள்ளை. மாற்றிய ஈஸ்டும் வெள்ளை; சாதாரண ஈஸ்டும் வெள்ளை.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ரெண்டு ஈஸ்டும் எங்கயோ ஒண்ணோட ஒண்ணு கலந்துபோயிருக்கணும். அப்படின்னா இதுவரைக்கும் செஞ்சது எதையும் நம்ப முடியாது, மேகலா. முதல்லேருந்துதான் ஆரம்பிக்கணும்."

மேடம் போனபின் மேகலா நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன். இல்லவே இல்லை என்று அவள் இன்றும் சாதிக்கிறாள்.

"முதல்லேருந்தெல்லாம் என்னால முடியாது பொன்னி. புனேல ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. போயிடலாம்னு இருக்கேன்."

வீட்டில் பொன்னியும் சித்தியும் ஒரே கட்டிலில் படுப்பார்கள். சித்திதான் அவளுக்குத் தலை பின்னிவிடுவாள். புனே எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தலை பின்னிவிட தினமும் வந்துபோகிற தூரம் இல்லை என்பது மட்டும் தெரியும்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தட்டுகளைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். இன்னொரு நடை நடந்தாள்.

"சித்தி, ஒரு பொட்டுலகூட சிவப்பு இல்லையே."

"இல்ல."

"ஒரு கீத்துகூட?"

"சும்மா இரு பொன்னி."

பொன்னி சும்மா இருக்கவில்லை. "இதுங்க சமைக்கவே இல்ல சித்தி."

மேகலா தலையைத் தூக்கினாள்.

"நம்ம வீட்டுக் குப்பைக் கூடையை நான்தானே தினமும் வண்டியில கொட்டறேன்? வெங்காயத் தோலு, முட்டை ஓடுன்னு எல்லாம் நிறைய இருக்கும். பண்டாராவுக்கு மறுநாள் மட்டும் கூடை காலி. ஏன்னா பண்டாரா அன்னிக்கு அம்மா அடுப்பே பத்த வைக்காதுல்ல?"

டில்லியில் செவ்வாய்க்கிழமைகளில் தெருவோரம் பந்தல் போட்டு, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் பூரியும் உருளைக்கிழங்கும் கொடுப்பார்கள். அதுதான் பண்டாரா.

"சமைச்சாதானே பாதியில நிக்கும்? நின்னாதானே சிவப்பு வரும்?" என்றாள் பொன்னி. "யாரோ இதுங்களுக்குப் பண்டாரா வெச்சிருக்காங்க சித்தி."

யாரும் அசையவில்லை. எனக்குப் பிடித்த மாதிரியான நீண்ட மௌனம் அது. ஆனால் அன்று அதை நானே கலைத்தேன்.

"இந்தத் தட்டுக்கெல்லாம் சாப்பாடு கலக்கினது யாரு?"

நான் பேசியதைக் கேட்டு மூவருமே திடுக்கிட்டார்கள். ரவிக்குமார் கையிலிருந்த பிஸ்கட் கீழே விழுந்தது.

"அரே... நான்தான். குட்டி குட்டியா இருந்துதுங்க. பாவமா இருந்தது. அடினைன் கொஞ்சம் சேர்த்துப் போட்டேன்."

"எவ்வளவு சேர்த்து?" மேகலாவின் குரலே மாறியிருந்தது.

"வயிறு நிறைய."

மேகலா எழுந்தாள். அவள் எழுந்த வேகத்தைப் பார்த்து ரவிக்குமார் மேஜைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். பொன்னி குறுக்கே வந்து நின்றாள்.

"பாவம்னு முதல்ல சொன்னது நான்தான் சித்தி. திட்டறதா இருந்தா பாதியை எனக்குக் குடு."

அப்போதுதான் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தோம். நானும்தான்.

அன்று மாலையே மேகலா புதிதாகச் சாப்பாடு கலக்கினாள். அடினைன் கொஞ்சூண்டு. ரவிக்குமார் எட்டவே நின்றான். அவனை நம்ப முடியாது என்று அவனே சொன்னான்.

ஈஸ்ட் வளர நாளாகும். சிவப்பு ஏற இன்னும் நாளாகும். வளர்ந்த பிறகு தட்டுகளைக் குளிரில் வைத்துக் காத்திருக்க வேண்டும். பொன்னி தினமும் வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கேட்பாள். "வந்துச்சா?" நான் தலையை ஆட்டுவேன். இல்லை.

ஒரு நாள் நான் தலையை ஆட்டவில்லை. "வந்து பாரு" என்றேன்.

சாதாரண ஈஸ்ட் இருந்த தட்டில் சிவப்புப் பொட்டுகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கீற்று. பக்கத்துத் தட்டில், மேகலா மாற்றிய ஈஸ்ட், பால் சிந்தினாற்போல வெள்ளை.

எதுவும் எதோடும் கலக்கவில்லை. மேகலா பொன்னியைத் தூக்கிக்கொண்டாள். தூக்குகிற வயதை அவள் தாண்டியிருந்தாள் என்றாலும்.

மேடம் தட்டுகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு பொன்னியைப் பார்த்தார்.

"உங்க வீட்டுல குப்பை கொட்டறது நீதானா?"

"ஆமா மேடம்."

"அந்த வேலையை விட்டுடாதே."

"ஐயோ மேடம், அடுத்த வருஷம் தம்பிக்கு மாத்தி விடலாம்னு இருந்தேன்."

மேகலா புனே போகவில்லை. இப்போது டாக்டர் மேகலா. அதே டில்லியில்தான் வேலை. ரவிக்குமார் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறான். அந்தக் கல்லூரி வாசல் நாய்கள் நடக்கக்கூட முடியாமல் பருத்துவிட்டன. வத்சலா மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். பொன்னி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தலையைத் தானே பின்னிக்கொள்கிறாள். குப்பைக் கூடை தம்பியிடம் போய்விட்டது.

நான் இன்னும் அதிகம் பேசுவதில்லை. பொன்னி வருகிற நாட்களில் மட்டும் கொஞ்சம் பேசுகிறேன்.