நாலு டின்னும் ஒரு டுபாய்ப் பெட்டியும்

1999 மார்ச் 11, வியாழன். காலை 10.20.

குசினியில் சமையல் சாமான் தட்டில் நாலு பால்மா டின்கள் இருந்த இடத்தில் மூன்றுதான் இருந்தன. பெரிய கிளாக்கரின் மனைவி சுமித்ரா போட்ட சத்தத்துக்கு முதலில் ஓடி வந்தவன் ஸ்டோர் கிளாக்கர் கிருஷ்ணகுமார். ரோட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் தனிக்கட்டையாகக் குடியிருப்பவன். அடுத்து மூச்சிரைக்க வந்தவர் தெரேசம்மா. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆயா.

தொட்டிலில் குழந்தை வீறிட்டது. கிருஷ்ணகுமார் போய் ஆட்டினான்.

“அழக் கூடாது ஷாமிளாக்குட்டி, அம்மா இந்தா வந்துட்டாங்க.”

காணாமற்போன டின்னுக்குள் இருந்தது பால்மா அல்ல. சுமித்ராவின் அண்ணன் டுபாயிலிருந்து கொண்டுவந்த தங்க அரைஞாணும் ஒரு சோடிக் காப்பும்.

அதே அண்ணன் கொண்டுவந்த இன்னொரு அதிசயமும் அந்த வீட்டில் இருந்தது. இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்று தொட்டிலுக்கு மேலே தொங்கும், மற்றது தாயின் இடுப்பில். குழந்தை இங்கே கொட்டாவி விட்டால் அங்கே தோட்டத்தில் கேட்கும். வயரும் இல்லை, ஒன்றும் இல்லை. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் டெலிபோனே ஒபிசில் மட்டும்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் வேலை விட்டதும் பெட்டியைப் பார்க்க வரிசையில் வந்தார்கள். ஒருத்தி தொட்டிலருகே இருமுவாள், மற்றவள் வாசலில் நின்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த மாதத்தை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. வெளிநாட்டுச் சாமான் ஒரு கெடுதலும் செய்யாது என்று அவ்வளவு வெள்ளையாக நம்பினோம்.

காலை 10.45.

ஒபிசிலிருந்து வந்த பெரிய கிளாக்கர் நல்லையா எடுத்த எடுப்பிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“டின் விசயம் தெரிஞ்சது எங்க ரெண்டு பேருக்குந்தான். குசினிக்குள்ள பொழங்குறது இலட்சுமி மட்டுந்தான்.”

அப்போதுதான் வீட்டு வேலை செய்யும் இலட்சுமி தண்ணீர்ப் பீலியிலிருந்து துவைத்த துணிகளோடு வந்தாள். பேச்சைக் கேட்டதும் துணிப் பேசினை வாசற்படியில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

“நான் எடுக்கலீங்க.”

“நாலு மணிக்கு பொலிசுக்குப் போறேன். அதுக்குள்ள வச்சிரு.”

புருசன் இல்லாதவள். பொலிசில் பெயர் விழுந்தால் இந்த வேலையும் போகும், லயத்துக் காம்பராவும் போகும். வேறு போக்கிடம் கிடையாது.

கிருஷ்ணகுமார் “பாவம், விசாரிச்சுச் செய்யுங்க” என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்குப் போனான். தெரேசம்மா போகவில்லை. குசினித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மத்த மூணு டின்லயும் தூசி அப்படியே இருக்கு. தேடினவன்னா நாலையும் தொட்டிருப்பான். எப்ப ஒளிச்சீங்க நோனா?” என்று சுமித்ராவைக் கேட்டார்.

“செவ்வாக்கிழம. மூணாவது டின்ல வச்சிருக்கேன்னு அன்னைக்கே இவர்கிட்ட சொன்னேன்.”

“எங்க வச்சு சொன்னீங்க?”

“காம்பராவுலதான். பாப்பாவத் தொட்டில்ல போடுறப்ப.”

“இலட்சுமி இருந்தாளா?”

“அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல். வரல.”

“நேத்து வந்தாளே” என்றார் நல்லையா விடாமல்.

பிற்பகல் 2.30.

பிள்ளைக்காம்பரா வேலையை முடித்துக்கொண்டு தெரேசம்மா திரும்பி வந்தார். இலட்சுமி இன்னும் படியிலேயே இருந்தாள். துணிகள் காயப்போடப்படவில்லை.

“இன்னொன்னு கேக்கணும் நோனா. பாப்பா பேரு என்ன?”

சுமித்ரா தயங்கினாள். “ஞாயித்துக்கிழமதான் முப்பத்தோராம் நாள், பேரு வைக்கிறது. காதுல சொல்ற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாது ஆயா. எங்கண்ணனுக்கே சொல்லல.”

“நான் சொல்றேன். ஷாமிளா.”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“கிருஷ்ணகுமார் ஐயா தொட்டில ஆட்டுறப்ப சொன்னாரு. பேரு வச்சுட்டாங்களாக்கும்னு நான் சும்மா இருந்துட்டேன். நீங்க பேரப் பத்திப் பேசுனது எங்க?”

“அதே காம்பராவுலதான்” என்றாள் சுமித்ரா. அவள் கண் தொட்டிலுக்கு மேலே போயிற்று. பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“நீங்க இங்கயே இருந்து தாலாட்டுப் பாடுங்க நோனா. பாட்ட நிறுத்த வேணாம்.”

பிற்பகல் 2.50.

தெரேசம்மாவும் நல்லையாவும் போய்த் தட்ட, சாப்பாட்டுக்கு வந்திருந்த கிருஷ்ணகுமார் கதவைத் திறந்தான். ஜன்னலோரம் அவனுடைய ரேடியோ இருந்தது. சனிக்கிழமை கிரிக்கெட் என்றால் ஸ்டோர் ஆட்கள் பாதிப்பேர் அந்த ஜன்னலில்தான் நிற்பார்கள். தெரேசம்மா நேராகப் போய் அதைப் போட்டார்.

“முள்ளத் தொடாதீங்க” என்றார்.

முள் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் நின்றது. கொஞ்சம் இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து சுமித்ராவின் குரல் தாலாட்டோடு வந்தது. நல்லையா ரேடியோவை நோக்கிக் குனிந்தார். தன் வீட்டுப் பேச்செல்லாம் இந்த ஜன்னல் வரைக்கும் வந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“வயரில்லாம அந்த வாசலுக்கு வர்ற சத்தம் இந்த வளைவையுந் தாண்டி வரும்” என்றார் தெரேசம்மா. “பெட்டிக்கு யாரு நம்மாளு, யாரு வெளியாளுன்னு தெரியாது. டின்ன எடுத்தது ரகசியமா நடந்திருச்சு ஐயா. பேரத்தான் உங்களால வாய்க்குள்ள வச்சுக்க முடியல.”

கிருஷ்ணகுமார் கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை இழுத்துக் கொடுத்தான்.

“ஸ்டேஷன் தேடுறப்ப தற்செயலா மாட்டுச்சு. முதல்ல பாப்பா சத்தத்துக்காகத்தான் கேட்டேன். தனியா இருக்கேன்ல. செவ்வாக்கிழம டின் விசயத்தக் கேட்டதும் புத்தி கெட்டுப்போச்சு. குசினியில ஆளில்லாத நேரம் பாத்து எடுத்துட்டேன்.”

பிற்பகல் 3.15.

நல்லையா படியருகே நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவருக்கு வரவில்லை. சுமித்ராதான் இலட்சுமியின் கையைப் பிடித்து அழுதாள். வேலையை விட்டுவிடாதே என்று கெஞ்சினாள்.

இலட்சுமி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“இருவத்தெட்டு நாளா நாந்தான் குளிப்பாட்டுறேன். பாப்பான்னுதான் கூப்பிட்டேன். பேரு என்னன்னு ஒரு நாளும் கேக்கல, உங்க வழக்கம்னு இருந்தேன். ஆனா அந்தப் பெட்டி முன்னால மட்டும் அதப் பேசியிருக்கீங்க.”

சுமித்ரா உள்ளே போய்ப் பெட்டியின் விளக்கை அணைத்தாள்.

ஊர்வாயில் விழுந்த பெயர் வேண்டாமென்று வேறு பெயர் பார்த்தார்கள். பெட்டிகள் இரண்டும் அட்டைப்பெட்டிக்குள் போயின. வெள்ளிக்கிழமை காலை பீலியடியில், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, சுமித்ரா குனிந்து இலட்சுமியின் காதில் அந்தப் புதுப் பெயரைச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வரை அது இலட்சுமியின் வாயிலிருந்து வெளியே வரவில்லை.